சொன்னபோது மட்டும் வெடி

ஏழு குழி போட்டிருந்தால் ஏழு சத்தம் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் கிணறு வெட்டிய நாட்களில் சிறுவர்களுக்கு அதுதான் கணக்குப் பாடம். கம்ப்ரசர் வண்டி காலையிலிருந்து தடதடவென்று பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் வெடிக்காரர் உள்ளே இறங்கி, குழிகளில் மருந்து கிட்டித்து, திரிகளைப் பற்றவைத்துவிட்டு, "வெடி... வெடி..." என்று கத்தியபடி மேலே ஏறி வந்து புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்குவார். காதை முழுக்கப் பொத்தினால் எண்ண முடியாது, பொத்தாவிட்டால் வலிக்கும், அதனால் பாதி பொத்தி பாதி விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். ஒரு நாள் ஆறுதான் கேட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெடிமருந்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சக்தி கூடிக்கொண்டே போன கதையாக எழுதுகிறார்கள். கருமருந்து, அப்புறம் நைட்ரோகிளிசரின், அப்புறம் டைனமைட், அப்புறம் அணுகுண்டு என்று படிப்படியாக. போருக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். சுரங்கத்துக்கும் சாலைக்கும் அணைக்கும் பாறை உடைப்பவருக்கு அது பொருந்தாது. சக்தி போதவில்லை என்றால் அவர் இன்னும் இரண்டு குழி போட்டுக்கொள்வார். அவருடைய கவலையெல்லாம் ஒன்றுதான்: நான் மேலே ஏறி மரத்துக்குப் பின்னால் போகும்வரை இது சும்மா இருக்குமா? போன பிறகு உடனே வெடிக்குமா? சுரங்கத்தில் மருந்து வைக்கத் தொடங்கி இந்த 400 ஆண்டுகளில் உருப்படியாக நடந்த கண்டுபிடிப்புகளில் முக்கால்வாசி, மருந்தை மந்தமாக்கிய கண்டுபிடிப்புகள்தான்.

மருந்துக்கு முன்னால் நெருப்பு இருந்தது. பாறையை ஒட்டி விறகை அடுக்கிக் கொளுத்தி, சூடேறியதும் தண்ணீரை ஊற்றினால் பாறை விரிசல் விடும். ஐரோப்பியச் சுரங்கங்களில் இதுதான் வழக்கம், 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூலில் இதற்குப் படமே இருக்கிறது. நம் பக்கம் கருங்கல்லில் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். பெங்களூரு வட்டாரக் குவாரிகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட, பாறை மேல் ஒரு வரிசையாக விறகுத் தீ மூட்டி அதை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போய், சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்து அடியில் பலகை பிரிந்துவிட்டதா என்று பார்த்து, அகலமான கருங்கல் பலகைகளை உரித்தெடுத்தார்கள். புகை, சூடு, விறகுச் செலவு, ஆமை வேகம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு நல்ல குணம், நெருப்பு யாரையும் திடீரென்று ஏமாற்றாது.

கருமருந்து சீனர்களின் கண்டுபிடிப்பு என்பது தெரிந்ததுதான். ஐரோப்பாவுக்கு வந்து கோட்டைச் சுவர்களைத் தகர்த்துக்கொண்டிருந்த அந்த மருந்து சுரங்கத்துக்குள் நுழைய இன்னும் சில நூற்றாண்டுகள் ஆனது. பதிவில் இருக்கும் முதல் சுரங்க வெடி 1627 பிப்ரவரி 8ஆம் தேதி நடந்தது. இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா என்ற வெள்ளிச் சுரங்க ஊர், அன்று ஹங்கேரி அரசில் இருந்தது. திரோல் பகுதியிலிருந்து வந்த காஸ்பர் வைண்டல் என்பவர் அங்கே அதிகாரிகள் பார்க்க ஒரு வெடி வைத்துக் காட்டினார். பாறை உடைந்தது, சுரங்கம் இடிந்து விழவில்லை. இரண்டாவது விஷயத்தைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கருமருந்துக்கு ஒரு குணம் உண்டு. அது பாறையை நொறுக்காது, தள்ளும். நெருப்பு அதற்குள் ஓடும் வேகம் வினாடிக்குச் சில நூறு மீட்டர்தான், வாயு பெருகிப் பெருகி நெருக்கிப் பாறையை இருக்கிற பிளவு வழியாகப் பிரிக்கும். அதனால்தான் டைனமைட் வந்து நெடுங்காலம் ஆன பிறகும், கல் சில்லுச்சில்லாகப் போகாமல் முழுசாக வேண்டும் என்பவர்கள் கருமருந்தை விடவில்லை. அந்த மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெருமளவுக்கு பீகாரிலிருந்து கப்பலேறியது. பாட்னா வழியாக அதை வாங்குவதற்கு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போட்டி போட்ட கதை தனி.

பிரச்சினை திரியில் இருந்தது. வைக்கோல் தண்டிலோ வாத்து இறகின் தண்டிலோ மருந்துத் தூளை நிரப்பி ஒன்றோடொன்று செருகி அதைத்தான் திரியாக வைத்தார்கள். ஒரு சமயம் சீறிக்கொண்டு ஒரே நொடியில் உள்ளே போய்விடும். ஒரு சமயம் நடுவில் அணைந்ததுபோல் கிடந்து, என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர் குனியும்போது வெடிக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் தகரச் சுரங்கங்களில் கண்ணும் கையும் போனவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் பிக்ஃபோர்டுக்குச் சுரங்கத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் தோல் வியாபாரி. கயிறு திரிக்கும் இடத்தில் நூல்கள் முறுக்கேறுவதைப் பார்த்தபோது, முறுக்கும் நூலுக்கு நடுவில் மருந்தை மெல்லிய கோடாக ஊற்றிக்கொண்டே வந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1831இல் காப்புரிமை வாங்கினார். மேலே இன்னொரு சுற்று நூல், அதற்கு மேல் தண்ணீர் புகாத பூச்சு. ஓர் அடி எரிய சுமார் 30 வினாடி. எத்தனை அடி வெட்டினால் மேலே ஏறிப் போக எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று முதல் தடவையாகக் கணக்குப் போட முடிந்தது. பாறை ஒரு துளிகூடக் கூடுதலாக உடையவில்லை, ஆட்கள் சாவது குறைந்தது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் டைனமைட்டைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இந்தத் திரிதான், ஆனால் பிக்ஃபோர்டு பேரில் பரிசு எதுவும் இல்லையே, அதனால் யாருக்கும் தெரியாது.

அடுத்தது நைட்ரோகிளிசரின், எண்ணெய் போன்ற ஒரு திரவம். 1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ அதைக் கண்டுபிடித்தார், துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் தலைவலியில் துடித்தார். சோதனையில் வெடித்துத் தெறித்த கண்ணாடி அவர் முகத்தில் தழும்பு போட்டது. இதைத் தொழிலுக்குப் பயன்படுத்தவே கூடாது என்று பயந்து ஒதுக்கிவைத்தார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. இந்த எண்ணெயின் விசித்திரம் என்னவென்றால், தெரியாமல் தட்டினால் வெடிக்கும், ஆனால் திரி வைத்துக் கொளுத்தினால் பல சமயம் சும்மா எரிந்துவிட்டுப் போகும். வேண்டாத நேரத்தில் வெடித்து, வேண்டிய நேரத்தில் வெடிக்காத சரக்கை வைத்து யார் என்ன செய்ய?

இந்த இடத்தில்தான் ஆல்ஃபிரட் நோபல் வருகிறார், அதுவும் டைனமைட்டோடு வரவில்லை. இதைக் கொளுத்தக் கூடாது, அதிர வைக்க வேண்டும், பெரிய வெடியைத் தட்டி எழுப்ப ஒரு சின்ன வெடி வேண்டும் என்பதை அவர் 1863இல் பிடித்துக்கொண்டார். முதலில் கருமருந்து அடைத்த மரக்குப்பி, 1865 வாக்கில் பாதரசக் கூட்டுப்பொருள் அடைத்த சின்ன உலோகக் குப்பி. நம் குவாரிகளில் 'கேப்' என்கிறார்களே, பேப்பரில் டெட்டனேட்டர் என்று போடுகிறார்களே, அதன் பாட்டன். வெடிக்கும் குணத்தையும் வெடிக்கத் தூண்டும் குணத்தையும் இரண்டாகப் பிரித்துவிட்டார் மனுஷன். ஒன்று பெரிய மூட்டை, இன்னொன்று சுண்டுவிரல் அளவு. இரண்டையும் தனித்தனி வண்டியில் ஏற்று, தனித்தனி கிடங்கில் வை, குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு மட்டும் சேர் என்ற விதி, இன்றைக்கும் உலகம் முழுக்க எல்லா வெடிமருந்துச் சட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பது, இந்தப் பிரிவினையிலிருந்து பிறந்ததுதான்.

எழுப்பும் வழி கிடைத்தது, தூங்க வைக்கும் வழிதான் கிடைக்கவில்லை. 1864 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் நோபலின் பட்டறை வெடித்து அவர் தம்பி எமில் உட்படச் சிலர் இறந்தார்கள். நகருக்குள் இனி தயாரிக்கக் கூடாது என்றார்கள், ஏரியில் படகை நிறுத்தி அதில் தயாரித்தார். சரக்கு மட்டும் உலகமெங்கும் போய்க்கொண்டேயிருந்தது. 1866 ஏப்ரலில் பனாமாவில் ஒரு கப்பல் துறைமேடோடு சேர்ந்து சிதறியது. அதே மாதம் 16ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பார்சல் கம்பெனி அலுவலகத்தில், எண்ணெய் கசிகிற மரப்பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. சரக்கு சேதமாகிவிட்டதா என்று பார்க்க ஒருவர் சுத்தியலும் உளியும் எடுத்துப் பெட்டியைத் திறந்தார். 15 பேர் செத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், உள்ளே இருப்பது தெரியாமல் செய்ததால் கம்பெனி மேல் தவறில்லை என்று 1872இல் முடிந்தது. அன்றைய நிலைமையில் அது உண்மையும்கூட, ஏனென்றால் அந்தப் பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் நைட்ரோகிளிசரினை எடுத்துச் செல்லக் கூடாது என்று தடை வந்தது. ஆனால் சியரா நெவாடா மலையில் ரயில் பாதைக்காகக் கருங்கல்லைக் குடைந்துகொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் கருமருந்தோடு ஒரு நாளைக்கு ஓரடி சொச்சம்தான் முன்னேறினார்கள். கம்பெனிக்காரர்கள் ஜேம்ஸ் ஹவ்டன் என்ற வேதியியலாளரைக் கூட்டிவந்து, எடுத்துச் செல்லத்தானே தடை, இங்கேயே காய்ச்சு என்று மலை உச்சியிலேயே தினசரி தேவைக்குத் தயாரிக்க வைத்தார்கள். 1,659 அடி உச்சிச் சுரங்கப்பாதை 1867இல் திறந்துகொண்டது. அதில் எத்தனை சீனர்கள் செத்தார்கள் என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நோபல் மரத்தூள், கரித்தூள், செங்கல்தூள் என்று எதையெதையோ கலந்து பார்த்தார். ஹாம்பர்க் பக்கம் அவர் தொழிற்சாலை வட்டாரத்தில் கிடைத்த ஒரு வெள்ளை மண், பல லட்சம் வருஷத்துக்கு முன் செத்துப் படிந்த டயாட்டம் பாசிகளின் ஓடு, தன் எடையைப் போல் சில மடங்கு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மாவு போலவே இருந்தது. அதைக் காகிதத்தில் உருட்டிக் குச்சியாக்கி 1867இல் டைனமைட் என்று பெயர் வைத்தார், 'நோபலின் பாதுகாப்பு மருந்து' என்றும் விற்றார். கவனித்தால், அந்த மண் வெடிக்கு எதையும் கூட்டவில்லை. அதே எடை சுத்த நைட்ரோகிளிசரினைவிட டைனமைட் பலம் குறைந்தது. பலம் குறைந்த சரக்குக்குத்தான் உலகம் வரிசையில் நின்றது.

பலத்தையும் விட மனமில்லாமல் 1875இல் நோபல் அந்த எண்ணெயில் நைட்ரோசெல்லுலோஸை, அதாவது பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் வெடிபொருளை, கரைத்துக் கூழ்போல் இறுக்கினார். விரலில் பட்ட காயத்துக்குப் பூசிய கொலோடியன் என்ற நைட்ரோசெல்லுலோஸ் கரைசலிலிருந்து அந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். மண் இல்லை, எல்லாமே வெடிக்கும் பொருள், தண்ணீரிலும் கெடாது. 'ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல்' என்று நம்மூர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறதே, அந்த ஜெலட்டின் இங்கிருந்து வந்த சொல். இன்று அப்படி அழைக்கப்படும் குச்சிகள் பலவற்றில் நைட்ரோகிளிசரின் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டைனமைட்டும் சாது இல்லை. குளிர்நாடுகளில் 13 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், உறைந்ததை இளக்க அடுப்பருகே வைத்துச் செத்தவர்கள் ஏராளம். கையில் எடுத்து வேலை செய்கிறவர்களுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி, சில நாளில் உடம்பு பழகிவிடும், ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று மறுபடியும் புதிதாக வலிக்கும். பனாமா கால்வாய்க்கு அமெரிக்கர்கள் சுமார் 6 கோடி பவுண்டு டைனமைட் செலவழித்தார்கள். 1908 டிசம்பர் 12ஆம் தேதி பாஸ் ஒபிஸ்போ என்ற இடத்தில் 22 டன் மருந்து நிரப்பி முடிக்கும் சமயத்தில் அதுவாக வெடித்து 23 பேர் இறந்தார்கள். அங்கே பெரும்பாலான உழைப்பாளிகள் பார்படோஸ், ஜமைக்கா போன்ற கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அது போதாதென்று, எப்போதோ வெடிக்காமல் மண்ணுக்குள் போன குச்சிகளை நீராவி மண்வாரிகளின் பல் போய்த் தட்டியது. ஆறு சத்தம் கேட்ட கிணறு மாதிரிதான், அளவுதான் வேறு.

அதே காலத்தில் நம்மவர்கள் கோலார் தங்கவயலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1880இலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் மருந்தைவிடப் பயங்கரமானது பாறை. மேலே இருக்கும் சுமை அத்தனையும் அழுத்திக்கொண்டிருக்க, வெட்டி வெறுமையாக்கிய இடத்தை நோக்கிப் பாறை தானாகவே வெடிக்கும், 'ராக் பர்ஸ்ட்' என்று தங்கவயல்காரர்கள் வீட்டுப் பேச்சிலேயே அந்தச் சொல் உண்டு. மருந்தைச் சொன்ன பேச்சு கேட்க வைக்கலாம், பாறையை என்ன செய்வது? 2001 பிப்ரவரி 28இல் மூடும்வரை அந்தப் பயம் தீரவில்லை.

இனி வருவது கொஞ்சம் வினோதமான பாத்திரம், அமோனியம் நைட்ரேட். வயலுக்குப் போடும் உரம். சேர்மானம் இல்லாமல் இதை வெடிக்க வைப்பது கஷ்டம், அந்தக் கஷ்டமே பலரை ஏமாற்றியது. ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் உரக் கலவை கிடங்கில் கிடந்து கட்டிதட்டிப் போகும், அதைப் பெயர்க்கச் சின்னதாக டைனமைட் வைப்பார்கள். எழுத்துப் பிழை இல்லை, உரக் குவியலைக் கிளற டைனமைட்தான். ஆயிரக்கணக்கான முறை செய்தும் ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21ஆம் தேதி ஆனது, 500க்கும் மேல் இறந்தார்கள். 1947 ஏப்ரல் 16ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் உரம் ஏற்றிய கப்பல் தீப்பிடித்து வெடித்தபோது கிட்டத்தட்ட 580 பேர். 2020இல் லெபனானின் பெய்ரூட்டில் வெடித்தது 2,750 டன். அந்த வாரம்தான் சென்னை மணலியில் 2015 முதல் கண்டெய்னர்களில் கிடந்த கிட்டத்தட்ட 700 டன் பற்றி எல்லோருக்கும் ஞாபகம் வந்து, அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

டெக்சஸ் சிட்டி விபத்துக்குப் பிறகு மற்றவர்கள் பயந்தபோது சுரங்கக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். இவ்வளவு மலிவான, லேசில் வெடிக்காத பொருள் கிடைத்தால் விடுவதா? இந்தியானா மாநிலத்தின் ஒரு நிலக்கரி கம்பெனியில் ராபர்ட் ஏக்ரே உரத்தோடு கரித்தூள் சேர்த்து 1955இல் காப்புரிமை எடுத்தார். சில வருஷத்திலேயே கரிக்குப் பதில் டீசல் வகை எண்ணெய் வந்தது. தண்ணீர் ஊறும் குழியில் இது கரைந்துவிடும் என்பதால் மெல்வின் குக் என்ற வேதியியலாளர் கூழ் வடிவத்தைக் கொண்டுவந்தார், 1960களின் முடிவில் எண்ணெயும் அமோனியம் நைட்ரேட் கரைசலும் மோர்போல் கலந்த எமல்ஷன் வந்தது. இன்று பெரிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு வரும் டேங்கர் லாரியில் இருப்பது, கண்டிப்பான அர்த்தத்தில் வெடிமருந்தே இல்லை. குழிக்குள் ஊற்றும்போது சேரும் ஒரு சேர்மானத்தால், சில நிமிஷம் கழித்து, பாறைக்குள் இருக்கும்போதுதான் அது வெடிமருந்தாகிறது. சொப்ரேரோ பார்த்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மருந்து மந்தமாக மந்தமாக, புத்தியெல்லாம் கேப்புக்குள் போய்விட்டது. சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். 1940களிலிருந்து குவாரி வெடியும் அப்படித்தான், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு இடைவெளி. முன்வரிசை உடைந்து விலகி இடம் கொடுக்க, பின்வரிசை அந்தக் காலியிடத்தை நோக்கி உடையும். எல்லாம் ஒரே நொடியில் வெடித்தால் நிலம் குலுங்கி ஊரில் சுவர் விரியும், பிரித்து வெடித்தால் அதிர்வு குறையும். மின்கம்பி வைத்த கேப்புகளுக்கு மின்னலும் கசியும் மின்சாரமும் எமன் என்பதால், ஸ்வீடனில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே அதிர்வலையை அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இப்போது சிப் வைத்த கேப்புகள் வந்துவிட்டன. இந்தியாவில் பழைய மின்கேப்புகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் தடை. 2016 நவம்பரில் மவுலிவாக்கம் கட்டடமும், 2022 ஆகஸ்டில் 3,700 கிலோ மருந்தோடு நொய்டா இரட்டைக் கோபுரமும் தெருவில் சாயாமல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்ததற்கு இந்த இடைவெளிக் கணக்குதான் காரணம். டிவியில் பார்த்தவர்கள் மருந்தின் பலத்தை வியந்தார்கள்.

சரி, அந்த ஆறு சத்தம். வெடிக்காரர் எங்களைப் பார்த்து, "எத்தனைடா?" என்றார். ஆறு என்றோம். அவரும் ஆறுதான் எண்ணியிருந்தார். கிணற்று வாயில் ஒரு முள்கிளையை இழுத்துப் போட்டுவிட்டு, இன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லி, பீடியைக்கூடப் பற்றவைக்காமல் கயிற்றுக் கட்டிலில் ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலையில் தனியாக இறங்கினார். திரி பாதியில் நனைந்திருந்ததாம். மில்லிசெகண்டு இடைவெளியில் 50 குழி வெடிக்கிற இன்றைய குவாரியில் எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாகத்தான் கேட்கும், எண்ண முடியாது. புகை கலைந்த பிறகு வெடிக்காரர் முதலில் போய்க் கற்குவியலைக் கண்ணால் பார்த்துவிட்டு விசில் ஊதும்வரை மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.